நான் விட்டுவைத்த வரி

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒருவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடத் தெரியும், கீழே இறக்கத் தெரியாது. ராணுவத்தில் லெப்டினன்ட் ஜெனரல் வரை உயர்ந்து பெரும் படையொன்றுக்குத் தளபதியாக இருந்தவர் தென்காசிப் பக்கத்துக்காரர். அவருக்கு அந்தப் பதவி உயர்வு வந்தபோது எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தார் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆளுயரத்துக்கு மேல் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஆய்க்குடி முருகன் கோயிலில் படிப்பாயசமும் போட்டார்கள். நினைத்தது நடந்தால் ஆற்றுப் படிக்கட்டில் பாயசத்தை ஊற்றிப் பிள்ளைகளைச் சாப்பிடவைப்பது அங்கே வழக்கம். அப்படி வேண்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

நான் அவருடைய குமாஸ்தா. பட்டாளத்தில் குமாஸ்தாக்களும் சீருடை போட்டவர்கள்தான். சுபேதாராக ஓய்வு பெற்றேன். அதற்கு முன்னால் மூன்று ஊர்களில் அவர் அறைக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். அவரைப் பற்றி நல்லது சொல்ல நிறைய இருக்கிறது. சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். சாதாரண அரசுப் பள்ளியில் படித்து மேலே வந்தவர். இளம் வயதில் எல்லையில் காலில் குண்டு வாங்கியவர். குளிர்காலத்தில் மாடிப்படி ஏறும்போது அந்தக் கால் இழுக்கும், ஆனால் ஒரு நாளும் கைப்பிடியைத் தொடமாட்டார். சிப்பாய்களின் வீட்டு விஷயமெல்லாம் அவருக்கு அத்துப்படி. என் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் நான் அலைந்தபோது, கேட்காமலேயே ஒரு போன் போட்டு வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. அலுவலகத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணையும் தேதியையும் டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். நான் தினமும் மாலையில் கடைசிக் கடிதத்தை ஏற்றியபின் ஓர் எண்ணை மட்டும் போட்டு, அதற்கு நேரே ஒரு வரியைக் காலியாக விட்டுவைப்பேன். மறுநாள் யாராவது அதிகாரி வந்து, நேற்றே போயிருக்க வேண்டிய கடிதம், மறந்துவிட்டேன் என்று தலையைச் சொறிவார். அவருக்கு அந்த வரி உதவும். யாரும் வராவிட்டால் மாதக் கடைசியில் 'ரத்து' என்று எழுதிக் கோடு போட்டுவிடுவேன். குமாஸ்தாக்கள் பலரும் செய்வதுதான். எந்த ஆய்விலும் நான் மாட்டியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர் அந்தப் பதவி உயர்வுக்கு முன்னால் மேஜர் ஜெனரலாக இருந்தபோது எங்கள் தலைமையகத்துக்கு ஒரு பெண் கேப்டன் வந்தார். வடக்கே ஏதோ சிறிய ஊர். அப்பாவும் பட்டாளத்தில் நாயக் என்ற சின்னப் பதவியில் இருந்தவர் என்று சொல்லிக்கொள்வார். வேலையில் கெட்டிக்காரி. அவர் எழுதும் குறிப்புகளில் எனக்குத் திருத்த எதுவும் இருக்காது. தளபதி அவரை அடிக்கடி அறைக்குக் கூப்பிட ஆரம்பித்தார். பிறகு கோப்போடு பங்களாவுக்கு வரச் சொன்னார். அந்தப் பெண் அறையிலிருந்து வெளியே வரும்போது கோப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பார். ஒருமுறை என்னைப் பார்த்தார். ஏதாவது கேட்பேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

அந்தக் கேப்டன் மேலிடத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தார். கையைப் பிடித்தது, தோளில் கை வைத்தது, வர மறுத்தால் பதவி உயர்வுக்குப் பார்க்கும் ரகசிய அறிக்கையில் மோசமாக எழுதிவிடுவேன் என்று மிரட்டியது, எல்லாம் அதில் இருந்தது. மறுநாள் காலை தளபதி என்னை உள்ளே கூப்பிட்டு, மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியில் காலி வரி இருக்கிறதா என்று கேட்டார். மாதம் முடியவில்லை, அதனால் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். பணியில் தொடர்ந்து கவனக்குறைவு, வாய்மொழியாகப் பலமுறை எச்சரித்தும் திருந்தவில்லை, இது எழுத்துமூலமான எச்சரிக்கை என்று கேப்டன் பெயருக்கு ஒரு கடிதம். அதற்கு அந்தக் காலி எண்ணைப் போட்டேன். ரிஜிஸ்டரில் 'நேரில் கொடுக்கப்பட்டது' என்று என் கையால் எழுதினேன். பேனாவின் மை வேறாகத் தெரியக்கூடாது என்று பழைய பேனாவைத் தேடி எடுத்ததும் நான்தான், அதை அவர் சொல்லவில்லை.

அப்படி ஒரு கடிதமே தன் கைக்கு வரவில்லை என்று அந்தப் பெண் விசாரணையில் சொன்னார். ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார்கள். எண் வரிசை பிசகாமல் இருந்தது. வேலையில் கண்டிக்கப்பட்ட ஆத்திரத்தில் கொடுத்த புகார் என்று முடிவு எழுதி, அந்தக் கடிதத்தை வரிக்கு வரி அதில் எடுத்துப் போட்டார்கள். அந்தப் பெண்ணுக்குப் பணி நீட்டிப்பு கிடைக்கவில்லை, வேலை போனது. தளபதிக்கு அடுத்த பதவி வந்தது. நாங்கள் படிப்பாயசம் போட்டோம்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் எல்லாம் முடிந்துபோனது என்றிருந்தேன். அந்தப் பெண் விடவில்லை. தீர்ப்பாயம்வரை போய் மறுவிசாரணைக்கு உத்தரவு வாங்கிவிட்டார். தொலைக்காட்சியில் செய்தி வந்த அன்று எங்கள் சங்கத்தில் ஒரே கொதிப்பு. பெண்களைப் பட்டாளத்தில் சேர்த்தால் இப்படித்தான் என்றார் ஒருவர். நம்ம ஊர்க்காரன் வளர்வது வடக்கே பொறுக்கவில்லை என்றார் இன்னொருவர். இவர்களில் யாரும் அந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை, தளபதியோடு வேலை செய்ததும் இல்லை. வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் எழுந்து என்ன சொல்வது? டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த வாரமே எனக்கும் சாட்சி சொல்ல வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

சாரல் தொடங்கியதும் தளபதி விடுப்பில் குற்றாலம் வந்தார். காலையில் ஐந்தருவிக்கு வரச் சொல்லி போன். போனால், கூட்டத்துக்கு நடுவே இடுப்பில் ஒரு துண்டோடு கல்லில் குப்புறப் படுத்திருந்தார், முதுகில் ஒருவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும் நான் விறைப்பாக நின்றேன். பழகிய உடம்பு. குளித்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் அவரை அடையாளம் கண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்கள். என் மகளைப் பற்றி விசாரித்தார், சாரல் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

"அந்த வரியக் காலியா விடச் சொன்னது நானா வே?"

"இல்ல சார்."

"அது உம்ம பழக்கம். இருந்த எடத்துல நான் ஒரு காயிதம் வச்சேன், அம்புட்டுதான். நீரு போயி மாத்திச் சொன்னா மொதல்ல மாட்டுதது யாரு? எழுத்து உம்ம எழுத்துல்லா."

எண்ணெய் தேய்ப்பவர் அவரைத் திரும்பிப் படுக்கச் சொன்னார். உள்ளே எண்ணெய் போகாமல் தளபதி கண்ணை மூடிக்கொண்டார். நான் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அதுவே போதுமான பதிலாகத் தெரிந்திருக்கும், இத்தனை வருடம் நான் சொன்ன பதில் அதுதானே. திரும்பி வரும்போது பேருந்தில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மிரட்டியதற்காக அல்ல. அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மையாக இருந்தது, அதற்குத்தான்.

மனைவியிடம் அன்றைக்குத்தான் முழுவதையும் சொன்னேன். அவள் முதலில் சண்டைக்கு வந்தாள்.

"அவரு போன் போடலன்னா நம்ம பிள்ளைக்கு அந்த சீட்டு கெடச்சிருக்குமா? நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டு வந்துருவிய. நாளைக்கு இந்த ஊருல நாமதான இருக்கணும்."

அந்தப் பெண் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்ததைச் சொன்னேன்.

"நீங்க கண்ணால பாத்தியளா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"டைப் அடிச்சேன்."

சாட்சி சொல்ல நான் ரயில் ஏறிய அன்று புளியோதரை கட்டிக் கொடுத்தாள், பையைத் தானே வாசல்வரை தூக்கிவந்தாள். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன். காலி வரி, பழைய பேனா, ஒன்றையும் மறைக்கவில்லை. என் ஓய்வூதியத்தில் கைவைப்பார்கள் என்று பயந்தேன், கண்டித்து ஒரு கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். தளபதிக்கு? 'கடும் அதிருப்தி' என்று அவருடைய பதிவில் எழுதினார்கள். அவ்வளவுதான். அடுத்த பதவி போனது. சில மாதங்களில் பிரிவு விருந்து, மாலை, மரியாதை எல்லாம் முறைப்படி நடந்து ஓய்வு பெற்றார். ஒரு மனுஷியின் வேலையையும் பெயரையும் கெடுத்ததற்கு இரண்டு சொல். பேருந்து நிலையத்துக்கு எதிரே புது ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது, ஓய்வு வாழ்த்து. பழைய படம்தான், மீசையை மட்டும் இன்னும் கறுப்பாக்கியிருக்கிறார்கள். சங்கத்தில் இப்போது நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. கூட இருந்தே குழிபறித்தவன் என்று ஆலங்குளம்வரை எனக்குப் பெயர். போகட்டும்.

போன வாரம் அந்தப் பெண் போன் செய்தார். எண்ணை எங்கே பிடித்தாரோ தெரியாது. குரல் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், இல்லை. நன்றியும் சொல்லவில்லை. என் வாக்குமூலத்தைப் படித்ததாகச் சொன்னார். முதல் விசாரணையின் முடிவை அவர் அப்பாதான் பிரித்துப் படித்தாராம். அதன்பிறகு மகளிடம் சரியாகப் பேசவில்லையாம்.

"எண் போட்டு ரிஜிஸ்டரில் ஏறிய காகிதம் எப்படிப் பொய்யாகும் என்று கேட்டார். அவர் நாயக், சுபேதார் சாப். காகிதத்தை நம்பித்தான் அவருக்குப் பழக்கம்."

அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. இறந்து ஏழு மாதம் ஆகிறது என்றார். அதாவது நான் ரயில் ஏறுவதற்கு முன்பே.

அந்தப் பெண்ணுக்கு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்தக் கடிதம் பொய், உங்கள் மகள் வேலையில் ஒரு குறையும் வைத்ததில்லை என்று அப்பாவின் பெயருக்கு நான் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். அம்மாவுக்குப் படித்துக் காட்டவேண்டும் என்றார். சரி என்றேன். போனை வைப்பதற்கு முன், தேதி மட்டும் சரியாகப் போடுங்கள் என்றார்.

அன்றைக்கே உட்கார்ந்தேன். இந்தியில் அடித்து நாளாகிவிட்டது, ஆனாலும் பிழை வரவில்லை. கடிதத்துக்கு எண் போடவில்லை. மேலே வலது ஓரத்தில் அன்றைய தேதியை அடித்தேன். அதற்குக் கீழே, இறந்துபோன அந்த நாயக்கின் பெயர்.