முனியாண்டிக்கு முடிந்த சோறு

வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலத்தில், சிம்பாங் அம்பாட் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, பால்மரம் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். என் அத்தையோ வெள்ளிதோறும் வேலிக்கு அப்பாலிருந்த முனியாண்டிக்கு ஒரு பிடி சோறு வைத்துப் பழகியவள். சாமிக்குமா சட்டம் என்று நினைத்துவிட்டாள். முந்தானையில் முடிந்திருந்த சோறு பிடிபட்டது. பக்கத்தில் நின்ற மாமா, "நான்தாங்க குடுத்தேன்" என்று முந்திக்கொண்டார். அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் அத்தைக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். பயந்தாங்கொள்ளிகள், என் அப்பா உட்பட. அம்மா மட்டும் சாப்பாடு கொண்டுபோய் வைப்பாள். சோற்றைக் கண்டாலே அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். "எல்லாம் என்னாலதான் அண்ணி" என்பதைத் தவிர அவளிடம் வேறு பேச்சே இல்லாமல் போனது.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள், தலைக்குக் குளித்து, சிரித்த முகமாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். தன் கல்யாணச் சேலையை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "தேறிட்டா லா, இனிமே பயமில்ல" என்று அப்பாவிடம் சொன்னாள்.

எனக்குக் கிடைத்தது பாசிமணி மாலை. அதைக் கழுத்தில் போட்டுவிடும்போது அத்தை காதோடு சொன்னாள்: "நான் இல்லாட்டி மாமாவ விட்டுருவாங்க கண்ணு. அவரும் நிம்மதியா இருப்பாரு. அம்மாகிட்ட சொல்லிடாத." எங்கோ ஊருக்குப் போகிறாள் போலும் என்று தலையாட்டினேன். புது மாலையின் சந்தோஷத்தில் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன பிறகு, அத்தை தன் உயிரை மாய்த்துக்கொண்டாள்.

அவள் செத்ததற்காக யாரும் மாமாவை விட்டுவிடவில்லை. மேலும் ஐந்து மாதம் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். அவர் மெலிந்து, கூன் விழுந்து வந்தார். அம்மாவிடம் கேட்டுவிட்டு என் முன்னால் குந்தினார்.

"உங்கிட்டயாச்சும் எதும் சொன்னாளா தாயி?"

இல்லை என்றேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய பெருமை எனக்கு. அத்தை அந்த மாலையைப் போட்டுவிட்ட அன்றைக்கே அந்த வாக்கை மீறி அம்மாவிடம் ஓடியிருக்க வேண்டும் என்பதும், ஓடியிருந்தால் அம்மா மறுநாள் அவளைத் தனியாக விட்டுப் போயிருக்க மாட்டாள் என்பதும் அந்த ஏழு வயதில் எனக்குத் தெரியவில்லை.