அப்பாவின் பெட்டிகளை நான்தான் கட்டினேன்

ஆறாம் வகுப்பில் நான் சாரணியர் வகுப்பில் சேர்ந்ததற்கு ஒரே காரணம், வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போகலாம் என்பதுதான்.

மந்தைவெளியில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. அந்த வருடம் அப்பாவும் அம்மாவும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். சண்டையெல்லாம் கிடையாது. "சாப்பாடு ரெடின்னு அப்பாகிட்ட சொல்லு" என்பாள் அம்மா. அப்பா பக்கத்து அறையில்தான் இருப்பார். நான் போய்ச் சொல்வேன். மற்ற நேரங்களில் என் அறையில் உட்கார்ந்து, சாரணியர் வகுப்பில் சொல்லித்தந்த முடிச்சுகளைப் பழகினேன். கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் நாற்காலிக் காலில் மாட்டிக்கொள்வேன்.

அப்பாவுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. அவர் மட்டும் போவதென்று முடிவானது. அவர் சாமான்களைக் கட்டும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்பாவும் நானும் மயிலாப்பூர் குளத்துப் பக்கம் போய் மூன்று விதக் கயிறு வாங்கி வந்தோம். இரும்புப் பெட்டிக்குத் தேங்காய் நார்க் கயிறு. சொரசொரப்பாக இருப்பதால் நழுவாது. புத்தக அட்டைப்பெட்டிகளுக்கு நூல் கயிறு. மெத்தைச் சுருளுக்கு நைலான். நைலான் வழுக்கும் என்பதால் முடிச்சுக்கு மேல் இன்னொரு சுற்று வேண்டும். நுனி பிரியாமலிருக்க மெழுகுவத்தியில் லேசாக உருக்கிவிட வேண்டும்.

"அவுக்கறதுக்கு சுலபமா இருக்கட்டும்மா" என்றார் அப்பா.

"நல்லா இறுக்கிக் கட்டு. வழியில அவுந்துடப் போகுது" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்தே.

இரண்டு பேருக்கும் பொருந்துகிற முடிச்சு என்னிடம் இருந்தது. வலதை இடதின்மேல் போட்டு ஒரு தடவை, இடதை வலதின்மேல் போட்டு இன்னொரு தடவை. இரண்டையும் ஒரே பக்கமாகப் போட்டால் நழுவிவிடும். சரியாகப் போட்டால் இறுகி நிற்கும், தளர்த்தினால் உடனே அவிழும். பெட்டிகளை இறக்க வந்தவர் தொட்டுப் பார்த்து, "இன்னா பாப்பா, நீயா கட்ன? செமயா கீது" என்றார். அன்று வீட்டில் யாராவது சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

அப்பாவின் சட்டைப்பையில் ஒரு தாளை வைத்தேன். கயிற்றை வெட்டக் கூடாது, அவிழ்க்க வேண்டும். நனைந்தால் நிழலில் உலர்த்த வேண்டும். நைலானை வெயிலில் போடக் கூடாது. சுருட்டி வைக்க வேண்டும். வரும்போது எடுத்து வர வேண்டும்.

ஒரு மாதம் கழித்துப் பார்சல் வந்தது. மூன்று கயிறுகளும் தனித்தனியாகச் சுருட்டப்பட்டிருந்தன. ஒரு இடத்திலும் வெட்டு இல்லை. கடிதமும் இல்லை. அம்மா பார்சல் உறையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றே அப்பாவுக்குப் போன் செய்தேன். "பத்துக்கு ஒன்பது மார்க்ப்பா. வரும்போது எடுத்துட்டு வாங்கன்னு எழுதியிருந்தேன்ல? நீங்க முன்னாடியே அனுப்பிட்டீங்க. அதுக்கு ஒண்ணு கம்மி."

லைன் கட்டாகிவிட்டதோ என்று, "அப்பா?" என்றேன்.

"இருக்கேம்மா" என்றார். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

ஒரு மார்க் குறைந்ததற்கு இவ்வளவு வருத்தப்படுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"சரிப்பா, அதையும் போட்டுடறேன்" என்றேன். "பத்துக்குப் பத்து."