சேலத்துக் கணக்கில் தேர்ந்தெடுத்த ஹீட்டர்

1. ஏற்காட்டில் கரடியூர் போகும் வழியில் ஒரு வீட்டு நீச்சல் குளத்துக்கு, காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் ஹீட் பம்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன்.
2. கணக்கில் ஏற்காட்டுக் குளிருக்குப் பதிலாகச் சேலத்து வெப்பநிலையைப் போட்டுவிட்டேன்.
3. மார்கழியில் தண்ணீர் இருபத்திரண்டு டிகிரியைத் தாண்டவில்லை.

வீட்டுக்காரருக்கு எழுபது வயதிருக்கும். காதை மூடிய கம்பளித் தொப்பி, ஒட்டிய கன்னம். பக்கவாதம் வந்த மனைவி வெதுவெதுப்பான நீரில் நடந்து பழகினால் கால் தேறும் என்று மருத்துவர் சொன்னதால்தான் ஹீட்டர் கேட்டார். வெப்பமானி இருந்தும், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுபவர்போல முழங்கையை நனைத்துத்தான் சூடு பார்ப்பார்.

தவற்றைச் சொல்ல நேரில் போனேன்.

"ஒருக்கா எறங்குனாளுங்க. நொம்ப நடுங்கிட்டா. இனிமேட்டு வரமாட்டேன்னுட்டா" என்றார்.

"தப்பு என்னுதுங்க ஐயா. சேலத்துக் கணக்கப் போட்டுட்டேன்."

"சேலத்துக்காரங்க அப்படித்தான் கண்ணு. ஸ்வெட்டர் இல்லாமயே மலையேறிருவீங்க" என்று சிரித்தார். பிறகு குனிந்து மறுபடி முழங்கையைக் குளத்தில் நனைத்துப் பார்த்தார். அந்தச் சிரிப்பு மன்னிப்பா, களைப்பா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

பம்பைக் கழற்றி கேஸ் ஹீட்டர் பொருத்திவிட்டோம். தண்ணீர் முப்பத்திரண்டு டிகிரியில் இருக்கிறது. அந்த அம்மா இன்னும் இறங்கவில்லை.