துள்ளுகிற செல், துள்ளாத செல்

என் அக்காவுக்கு எங்கள் வீட்டில் 'டெஸ்டர்' என்று பட்டப்பெயர். வேலை பொம்மைக் கடையில். வாங்க வருகிறவர் கண்ணெதிரே பேட்டரி செல் போட்டு, பொம்மையை ஓட்டிக் காட்ட வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. ரிமோட், கடிகாரம், டார்ச், எதில் செல் இருந்தாலும் கழற்றித் தரையில் செங்குத்தாகப் போட்டுப் பார்ப்பாள். 'தொப்'பென்று விழுந்தால் நல்ல செல். 'டொக் டொக்' என்று எம்பினால், "துள்றியா நீ? உன் கதை முடிஞ்சுது" என்று ஓரங்கட்டிவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மகன் வருவதாக இருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் ஏதோ கோபத்தில், "இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்று இவள் ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள். அவனும் லேசுப்பட்ட ரோஷக்காரனா? பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். மழைக்காலம் முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லை. அந்த ஞாயிறுக்கு முந்தின வாரம்தான் என்னைப் போனில் கூப்பிட்டான்.

"சித்தி, ஞாயித்துக்கிழமை காலைல வரேன். அம்மா கதவைத் திறப்பாங்களா?"

"நீ வாடா, நான் இருக்கேன்ல."

காலையிலிருந்து அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போனாள், அடுப்படிக்குப் போனாள், திரும்ப ஜன்னல். கடைசியில் வீட்டிலிருக்கும் செல்லையெல்லாம் கூடத்தில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தொப். டொக் டொக். தொப். எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

"கொஞ்ச நேரம் சும்மா உக்காரேன்!"

"உக்காந்துதானேடி இருக்கேன்."

"கை உக்காரலையே!"

சொன்ன நேரம் தாண்டிப்போனது. "வரமாட்டான்டி. என் வாய்தான் எனக்குச் சத்துரு" என்றாள். போட்ட செல்லையே மறுபடி எடுத்துப் போட்டாள். அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். காலிங் பெல் மூடி திறந்து, வயிறு காலியாகத் தொங்கியது.

"அடிப்பாவி! பெல்லுல இருந்த செல் எங்கே?"

அக்கா தன் கையிலிருந்த செல்லைப் பார்த்தாள். "அவன் வர்ற நேரம் பார்த்து அடிக்காமப் போயிடுமோன்னு... டெஸ்ட் பண்ணத்தான் எடுத்தேன்."

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மாடிப்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எப்போடா வந்தே?"

"அப்பவே. பெல்லை அமுக்கினேன், சத்தமே இல்ல. வேணும்னே நிறுத்திட்டாங்கன்னு நினைச்சுக் கீழ இறங்கப் போனேன். அப்போ உள்ள டொக் டொக்னு கேட்டுது." அவனுக்குச் சிரிப்பு வந்தது. "பெல் செல்லையும் கழட்டியாச்சுன்னு புரிஞ்சுது."

"அறிவுகெட்டவனே, கதவைத் தட்ட வேண்டியதுதானே?"

"பயமா இருந்துது சித்தி. மிதிக்கக் கூடாதுன்னு சொன்ன வாசப்படியாச்சே."

என் பின்னால் அக்கா வந்து நின்றாள். கையில் இன்னும் ஒரு செல். அவன் எழுந்து வந்து, வாசற்படியில் கால் படாமல் தாண்டப் போனான்.

"தாண்டாதே" என்றாள். "மிதிச்சு வாடா."