முதலாளி எழுதியதைத் திருத்தலாமா?

“டீக்கடையில பேசித் தீர்க்கிறதை எதுக்கும்மா கம்ப்யூட்டர்ல எழுதிக்கினு…?”

எங்கள் பட்டுக் கம்பெனி மேனேஜர் தேவராஜன் சார் என்னிடம் கேட்டது இது. ஆபீஸில் நான் ‘விக்கி’ ஆரம்பித்த முதல் நாள்.

விக்கி பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம். காஞ்சிபுரம் ஆபீஸ், சாயப்பட்டறை, சென்னை ஷோரூம் என்று எல்லோரும் அதில் எழுதலாம். யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம்.

அங்கேதான் சிக்கல். முதலாளி எழுதியதை யார் திருத்துவார்கள்? அவர் ஒரு வரி எழுதுவார். அடியில் ‘சரிங்க முதலாளி’, ‘சரிங்க முதலாளி’… அர்ச்சனை மாதிரி! அவரே அலுத்துப்போய், “இந்த மாசம் பார்ப்பேன். அப்புறம் மூடிட்டு நீ பழையபடி பில் டைப் பண்ணும்மா” என்றுவிட்டார்.

அந்த மாதம் ஒரு திங்கட்கிழமை. ஒரு முகூர்த்தப் புடவைக்கு ‘வெள்ளி காலை டெலிவரி’ என்று சென்னையிலிருந்து எழுதினார் முதலாளி. பெண் வீட்டார் வெள்ளி இரவே திருநெல்வேலிக்கு ரயில் ஏறுகிறார்கள். ஞாயிறு கல்யாணம்.

அடியில் வழக்கம்போல சரி, சரி, சரி. தேவராஜன் சாரும் ஒரு சரி போட்டார். போட்டுவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன சார்?”

“வியாழக்கிழமை அமாவாசைம்மா.”

அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. புடவை சனிக்கிழமைதான் தறியை விட்டு இறங்கும்.

“அப்ப ஏன் சார் சரின்னு போட்டீங்க?”

“எல்லாரும் போட்டுக்கினு இருந்தாங்க… வியாழக்கிழமை முதலாளி இங்க வர்றாரில்ல, பதமா அவர் காதுல போட்டுடலாம்.”

“வியாழக்கிழமை சொல்லி என்ன பிரயோஜனம்? கல்யாணப் பொண்ணு எதைக் கட்டிக்கும்? நகருங்க சார், நான் எழுதறேன்.”

“நீ எழுதாத. சின்னப் பொண்ணு வாய்க்கு வந்ததை எழுதிட்டான்னு உன்னைத்தான் திட்டுவாங்க.” சற்று யோசித்தார். “கீபோர்டை இப்படித் தள்ளு.”

ஒற்றை விரலால் வெள்ளியை அழித்தார். ‘சனி காலை. வியாழன் அமாவாசை, தறி ஓடாது’ என்று அடித்தார். கீழே தன் பெயர். முதலாளிக்கு எதிரே உட்காரக்கூடத் தயங்குகிற மனுஷன்!

மேஜையில் டீ ஆறியது. யாரும் தொடவில்லை.

பதில் வந்தது: ‘அமாவாசையை மறந்தே போனேன். நல்லவேளை சொன்னீங்க தேவராஜன். பெண்ணோட தாய்மாமா ஒரு நாள் தங்கி வாங்கிட்டுப் போறார்.’

அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் சாயப்பட்டறையிலிருந்து இன்னொரு ஆர்டர் பக்கத்தில் ஒரு வரி: ‘முதலாளி, அரக்குக் கலர் நாளைக்கு வராதுங்க. மழை. நூல் காயலை.’

சாஃப்ட்வேரை நான் ஒரு மத்தியானத்தில் போட்டுவிட்டேன். ‘இல்லீங்க முதலாளி’ என்று எழுதும் தைரியம் எந்த சிடியில் வருகிறது? அதை எங்கள் ஆபீஸில் போட்டுத் தந்தவர் தேவராஜன் சார்.

மாதக் கடைசியில் விக்கியை மூடும் பேச்சை முதலாளி எடுக்கவே இல்லை.

என் அப்பா கைநாட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நேற்று விக்கியில் முதலாளி எழுதிய ஒரு தேதியை நானே திருத்தினேன். கீழே என் பெயரையும் போட்டுவிட்டேன் — அப்பாவின் இனிஷியலோடு!