பழைய படத்தில் இருந்த புள்ளி

அவனை இனி நண்பன் என்று எழுத மாட்டேன். கூடப் படித்தவன், அவ்வளவுதான். வாளையார் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, கோயம்புத்தூர்க் கல்லூரியில் ஒரே ஹாஸ்டல் அறை. அதற்குப் பிறகு அவன் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனான். நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியில் இயற்பியல் வாத்தியார் ஆனேன். லாரிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பாடம் நடத்தியதில் தொண்டை போனதுதான் மிச்சம். அவன் அங்கே ஒரு குழுவுக்குத் தலைவனாகி, அதில் ஓர் ஓரமாக எனக்கும் இடம் தந்தான். தந்ததை வருடத்துக்கு நாலு தடவையாவது நினைவுபடுத்தினான்.

எங்கள் வேலை இதுதான். வெகு தொலைவில், செத்துப்போன இரண்டு விண்மீன்களின் மிச்சங்கள் ஒன்றோடொன்று மோதும். இரண்டு நொடிகூட நீடிக்காத ஒரு காமாக் கதிர் வெடிப்பு. மேலே சுற்றும் செயற்கைக்கோள் அதைப் பிடித்து, வானத்தில் ஏறக்குறைய இந்த இடம் என்று உலகத்துக்கெல்லாம் தகவல் அனுப்பும். அதற்குள் வெடிப்பு முடிந்திருக்கும். அதன் பின்னொளி மட்டும் சில மணி நேரம் மங்கிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தைப் படம் எடுத்து, ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே நேற்றுவரை இல்லாத புள்ளி எது என்று தேடுவோம். முதலில் கண்டவர் ஒரு சிறு அறிவிப்பு வெளியிடுவார். இரண்டாவதாகக் கண்டவரை நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் வாயைப் பிளந்து கேட்பார்கள். உள்ளே இருப்பதெல்லாம் வயிற்றெரிச்சல் என்பதை நான் அவர்களுக்குச் சொல்வதில்லை.

எங்கள் குழுவின் தொலைநோக்கி இருப்பது தென் அமெரிக்காவில், ஒரு மலைமேல். அங்கே இரவென்றால் எங்களுக்குப் பகல். ஆகவே இந்த வேட்டையெல்லாம் ஸ்டாஃப் ரூமில், விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே, காலை நேரத்தில் நடக்கும்.

எனக்கு அடுத்த மேசையில் ஒரு டீச்சர் இருந்தார். கெஸ்ட் லெக்சரர். நாற்பதை நெருங்கியவர். வேலந்தாவளம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். நிரந்தர வேலைக்கு முனைவர் பட்டம் வேண்டும். அவருடைய பதிவுக் காலத்தை இரண்டு தடவை நீட்டித்தாகிவிட்டது. அந்தக் கல்வியாண்டோடு அதுவும் முடிகிறது. ஒன்றை ஒன்று மறைக்கிற ஓர் இரட்டை விண்மீன்தான் அவருடைய ஆய்வு. அந்த மறைப்பு நடக்கிற இரண்டு மணி நேரத்தை மட்டும் அளந்துவிட்டால் கடைசி அத்தியாயம் எழுதிவிடலாம். அது அந்த மலையின் இருட்டு நேரத்தில் வந்து விழுவது அபூர்வம். அதை விட்டால் மறுபடி ஒரு வருடம் ஆகும். அதே மலையில் இருந்த பெரிய தொலைநோக்கியில் அவருக்கு நேரம் கிடைத்திருந்தது. நம் கடிகாரத்தில் ஒரு வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை. ஒரு மாதமாகத் துறையில் எல்லோருக்கும் அந்த நாள் தெரியும்.

பெரிய தொலைநோக்கியில் ஒரு சட்டம் உண்டு. பின்னொளி கண்டோம் என்று அறிவித்த குழு, அந்த நேரம் யாருடையதாக இருந்தாலும் பறித்துக்கொள்ளலாம். ஓவர்ரைடு என்பார்கள். அந்த உரிமை அவன் குழுவுக்கு இருந்தது. பறிகொடுத்தவருக்கு ஒரு வருத்தக் கடிதம் வரும், அதோடு சரி.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு குறுகிய வெடிப்பின் தகவல் வந்தது. முக்கால் மணி நேரத்தில் எங்கள் சிறிய தொலைநோக்கியின் படம் என் லேப்டாப்பில் இறங்கியது. விண்மீன் பட்டியலில் இல்லாத மங்கலான ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தேன். அந்த இடத்தின் பழைய படங்களையும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். அது இந்த வேலையின் அரிச்சுவடி. எங்கள் கல்லூரி நெட்டில் அந்தப் பழைய படம் இறங்க ஒரு மணி நேரமாகும். யாராவது முந்திவிடுவார்களே என்ற பதற்றத்தில், புள்ளியின் இடத்தை அப்படியே அவனுக்கு அனுப்பிவிட்டேன்.

பதில் உடனே வந்தது. "நாய்ஸ்டா அது. உட்டுட்டுக் கிளாசுக்குப் போ."

கருவியின் இரைச்சலுக்கும் ஒளிக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று என்னிடம் சொல்கிறான். கிளாசுக்குப் போனேன். சும்மா உட்கார்ந்திருந்த ஒருவனை எழுப்பி மணி அடிக்கும்வரை நிற்கவைத்தேன்.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தபோது பழைய படம் இறங்கியிருந்தது. பல வருடத்துக்கு முன்னால் வேறொரு தொலைநோக்கி எடுத்தது. காலைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அதே இடத்தில் அதே புள்ளி உட்கார்ந்திருந்தது. ஒளி கூடிக் குறைகிற ஏதோ ஒரு சாதாரண விண்மீன். தப்பு என்னுடையது. அவன் சொன்ன காரணம் தவறு என்றாலும் விட்டுவிடச் சொன்னது சரிதான். 'நீ சொன்னது சரி' என்று தட்டச்சு செய்தேன். அனுப்ப மனம் வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அறிவிப்பு வந்தது. பின்னொளி கண்டுபிடிக்கப்பட்டது, முதலில் அவன் பெயர், பின்னால் எட்டுப் பெயர்கள். என் பெயர் இல்லை. புள்ளியின் இடத்தைக் குறிக்கும் எண்கள் மட்டும் கடைசித் தசமம் வரை நான் அனுப்பியவை.

முதலில் கோபம்தான் வந்தது. அதற்குப் பின்னாலேயே ஒரு சந்தோஷம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். திருடியதுதான் திருடினான், பொய்ப் புள்ளியைப் பார்த்துத் திருடியிருக்கிறான். உலகமே பார்க்க அவன் மூக்கு உடையட்டும். தட்டச்சு செய்ததை அழித்துவிட்டு லேப்டாப்பை மூடினேன்.

பன்னிரண்டு மணிக்கு டீச்சருடைய தொலைநோக்கி அவருடைய விண்மீன் பக்கம் திரும்பியது. முதல் இரண்டு படங்கள் அவர் மேசைக் கம்ப்யூட்டரில் வந்தன. பன்னிரண்டு பத்துக்குத் திரை நின்று, ஓவர்ரைடு என்ற வாசகம் வந்தது. அவர் என் பக்கம் திரும்பி, யார் எடுத்தார்கள் என்று கேட்டார். பின்னொளி கண்டதாக ஒரு குழு சொல்லியிருக்கிறது என்றேன். அது என் குழு என்பது அவருக்கும் தெரியும்.

"அது நெசமாவே இருக்குதுங்களா சார்?"

ஒரு போன் போதும். அவன் எப்பேர்ப்பட்டவனாக இருந்தாலும், பழைய படத்தைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுத்திருப்பான். டீச்சருக்கு மறைப்பின் பெரும்பகுதி கிடைத்திருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பெரிய தொலைநோக்கி போய்ப் பார்த்து வெறுங்கையோடு திரும்பினால்தான் அவன் முழுசாக அவமானப்படுவான். அந்தக் கணக்கும் எனக்கு அந்நேரம் ஓடியது.

"இருக்கலாமுங்க டீச்சர்," என்றேன்.

அவர் தன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்றரை மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார். இரண்டு மணிக்கு திரையில் அந்த ஜன்னலை மூடிவிட்டு, மூன்று மணி வகுப்புக்குக் குறிப்பெடுத்தார்.

மாலை நாலு மணிக்கு வேறு நாட்டுக் குழு ஒன்று, அந்தப் புள்ளி பழைய படத்திலேயே இருக்கிறது என்று எழுதியது. ஐந்து மணிக்கு அவன் இரண்டு வரியில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றான். மூக்கு உடையும் சத்தத்துக்காக நானும் நாள்கணக்கில் காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவசரத்தில் இப்படி ஆகிவிடுவது சகஜம் என்று எல்லோரும் அடுத்த வெடிப்புக்குப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் அவனே போன் செய்து சிரித்தான். "உன்ற புள்ளி என்னையக் கவுத்துப் போட்டுதேடா." கண்டுபிடிப்பாக இருந்தவரை அது அவனுடையது, தப்பு என்றானதும் என்னுடையது. போனை அணைத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் குழுவையும் தலைமுழுகினேன்.

டீச்சர் யூனிவர்சிட்டிக்கு அபேட்சை மனு எழுதினார். இன்னும் ஒரு வருடம் தந்தால் அடுத்த மறைப்பை அளந்து முடித்துவிடுவதாக. நேரம் பறிபோனது அவர் குற்றமல்ல என்று துறையின் சார்பில் சான்று தர வேண்டியிருந்தது. இந்த விஷயம் தெரிந்தவர் நீங்கள்தான் என்று துறைத்தலைவர் தாளை என்னிடம் தள்ளினார். 'தவிர்க்க இயலாத அறிவியல் காரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நீட்டிப்புக்கு விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. அந்த மார்ச் மாதத்தோடு அவருடைய கெஸ்ட் வேலையும் முடிந்தது.

கடைசி நாள் அவர் மேசை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அந்தத் திருட்டுப் பயல்தான் உங்கள் வாழ்க்கையைக் கெடுத்தான் என்று அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அன்னைக்குத் தண்ணி புடிக்க உங்க பின்னால வந்தனுங்க சார். உங்க ஸ்கிரீன்ல பழைய படம் இருந்துது. அதுலயே அந்தப் புள்ளி இருந்தாப்பல பட்டுதுங்க. அதனாலதான் நெசமாவே இருக்குதுங்களான்னு உங்களைக் கேட்டேன். நீங்க இருக்கலாமுன்னு சொன்னீங்க. என்ற கண்ணுதான் தப்புன்னு உட்டுட்டனுங்க."

அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்பச் சொல்லுங்க சார். பழைய படத்துல அது இருந்துதுங்களா?"

"இருந்துதுங்க டீச்சர்."

"அப்ப என்ற கண்ணு சரிதானுங்க," என்று சொல்லிவிட்டு அவர் பையை எடுத்துக்கொண்டார்.