அத்தைக்கு அப்போது மணி நாலரை

சுதந்திரம் வந்த மறுவருஷம் டிசம்பரில், லண்டனில் டாக்டருக்குப் படித்துவிட்டு என் அத்தை ஆகாய விமானத்தில் வந்தாள். பம்பாயில் இறங்கி, ரயில் பிடித்துத் தூத்துக்குடி வந்து சேர்ந்தவளைப் பார்க்கத் தெருவே கூடியது. அத்தையோ நின்றபடியே கண் அசந்தாள். பகலெல்லாம் அடித்துப் போட்டாற்போல் தூக்கம். ஊர் அடங்கியதும் கொட்டக் கொட்ட விழிப்பு. சீமைக் காற்று பட்டுப் பெண் கெட்டுவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது.

எனக்கு மட்டும் விஷயம் தெரியும். ஒன்பது வயதில் எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது. லண்டன் கடிகாரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, விமானம் என்னதான் வேகமாக வந்தாலும் உடம்பு பழைய கடிகாரத்தை லேசில் விடாது என்று அத்தையே சொல்லிக்கொடுத்திருந்தாள்.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்குச் சாத்தான்குளத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல வசதி. கல்யாணத்துக்குப் பிறகு பெண் ஆஸ்பத்திரிப் பக்கமே போகக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அப்பா தலையாட்டிவிட்டார். மறுநாள் வேலையில் சேரச் சொல்லி வந்திருந்த கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அத்தை அழுததை நான் பார்த்திருந்தேன்.

பட்டுப்புடவையோடு வந்து உட்கார்ந்தவள், ஜெபம் முடிவதற்குள் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டாள். அப்பா உலுக்கினார். தலை மறுபக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான்.

நான் முன்னால் போய் நின்றேன். "அத்தைக்கு இப்ப விடியக்காலம் நாலரை மணிதான். உடம்பு இங்கன வந்துட்டு. தூக்கம் இன்னும் லண்டன்லதான் கெடக்கு."

மாப்பிள்ளையின் அம்மா மோவாயில் கைவைத்தார். "ஏளா, அப்போ இவ காப்பி போட எந்த ஊரு நேரத்துக்கு எந்திரிப்பா?"

மனக்கணக்குப் போட்டேன். "லண்டன்ல ஆறு மணிக்கு எந்திரிச்சாலும் இங்கன பதினொண்ணரை ஆயிரும்."

கடித்த மக்ரூனைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார்கள். என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அப்பா முறைத்தார். எனக்கென்ன? விஞ்ஞானம் ஜெயித்துவிட்டது!

மறுநாள் காலை ஐந்து மணிக்கே அத்தை குளித்து, வெள்ளைப் புடவை கட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கியவள், மோவாயில் கைவைத்து, அந்த அம்மாள் கேட்ட கேள்வியை அதே குரலில், அதே இழுவையில் கேட்டுக் காட்டினாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். தூங்கிக்கொண்டிருந்தவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.